பழைய ஆயிலுக்கு ஒரு பொதுக் கணக்கு வையுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்ட லாரி உரிமையாளர்களுக்கும், பட்டறைக்காரர்களுக்கும், ஓசூர் ஆலை நிர்வாகங்களுக்கும் வணக்கம்.

நான் லாரித் தொழிலில் இல்லை. தென்பெண்ணைப் பாசனத்தில் நெல் போடுகிறவன். கனரக லாரிக்கு ஆயில் மாற்றினால் 15, 20 லிட்டர் கறுப்பாக இறங்கும். அதை யாரும் கீழே கொட்டுவதில்லை, தெரியும். பேரலில் சேர்த்து விற்றுவிடுகிறீர்கள். கான்கிரீட் ஒட்டாமலிருக்கச் சென்ட்ரிங் பலகையில் தடவவோ, சூளையில் எரிக்கவோ போகிறது. எரித்தால் அந்தப் புகையும் நஞ்சுதான். பழைய பில்டர், கை துடைத்த துணி, சிந்திய ஆயில்மேல் போட்ட மரத்தூள், இவையெல்லாம் பட்டறைக்குப் பின்னால்தான் கிடக்கின்றன. மழை பெய்தால் அங்கிருந்து பளபளவென்று ஒரு எண்ணெய்ப் படலம் ஓடைக்கு இறங்குகிறது. ஓடை போய்ச் சேருவது ஆற்றில்.

பழைய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் சொல்கின்றன. சரி, ஒரே ஒரு பேரல் வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடி எந்த ஆலையின் வண்டி வரும்?

ஐரோப்பாவில் ரைன் நதிச் சரக்குக் கப்பல்களிலும் இதே தலைவலி இருந்தது. இன்ஜின் அறைக்கு அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரை எங்கே கொடுப்பது, யார் செலவில்? ஆறு நாடுகள் 1996-ல் ஒப்பந்தம் போட்டன. 2009-ல் அது நடைமுறைக்கு வந்தது. கப்பலுக்கு டீசல் வாங்கும்போதே அளவுக்கு ஏற்ப ஒரு கட்டணம் சேர்ந்துவிடுகிறது. அப்புறம் கழிவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் தனியாகக் காசு கேட்பதில்லை. அங்கே கேட்டால்தானே ஆற்றில் விட்டுவிடத் தோன்றும்? கப்பலைக் காலி செய்தபின் சரக்கு மிச்சத்தை அகற்றும் பொறுப்பில் சரக்குக்கு உரியவர்களுக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் கப்பல்காரர் தலையில் கட்டிவிடவில்லை.

நம்மிடமும் ஒற்றை லாரி வைத்து ஓட்டுகிறவரிடமோ ஷெட் வைத்திருக்கிறவரிடமோ இந்தச் செலவைத் தள்ளுவது நியாயமில்லை. சரக்கு அனுப்பும் ஓசூர் ஆலைகள் லோடுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கட்டும். லாரி சங்கங்கள் அதற்குக் கணக்கு வைக்கட்டும். அந்தப் பணத்தில் பட்டறைகளுக்கு மூடியுள்ள பேரல்களும், பில்டருக்கும் துணிக்கும் தனித் தொட்டியும் கொடுத்து, முறை வைத்து ஒரு வண்டி எடுத்துப் போகட்டும். விற்று வரும் காசு மெக்கானிக்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பேரல் பழைய இடத்துக்கே போய்விடும்.

முதலில் கிருஷ்ணகிரி – காவேரிப்பட்டினம் சாலையில் மட்டும் செய்து பாருங்கள். மழைக்காலத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். மெக்கானிக்குகளையும் கட்டாயம் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, காவேரிப்பட்டினம்