எழுத்தறிவு மையத்தில் செல்போன் யார் கையில் இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் வயது வந்தோர் கல்வித் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மாலை நேர எழுத்தறிவு மையம் ஒன்றில் பாடம் நடத்தும் தன்னார்வலர் நான்.

2022 முதல் 2027 வரைக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்காக உல்லாஸ் செயலி 2023-இல் வந்தது. கற்போர் பதிவு, தன்னார்வலர் பதிவு, தீட்சா என்ற அரசு இணையக் கல்வித் தளத்துப் பாடங்கள் எல்லாம் அதில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வகுப்பில் அதைத் திறப்பது நான். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்கள் அல்ல. கற்போர் தாங்களே பதிவு செய்துகொள்ளவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். எழுத்தே தெரியாதவர் அதை எப்படிச் செய்வார்? தொழில்நுட்பம் கற்பிப்பவரிடமும் கணக்குக் கேட்பவரிடமும் நின்றுவிட்டது. அதைக் கற்பவர் கைக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

வகுப்புக்கு வரும் அக்காக்களும் பாட்டிகளும் செல்போனுக்குப் புதியவர்கள் அல்லர். யூடியூபில் குரல் கொடுத்துத் தேடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார்கள். ஆனால் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் ஏறிவிட்டதா என்று பார்க்கப் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஏ.டி.எம். வாசலில் முன்பின் தெரியாதவரிடம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. எண் பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாமே. வங்கிக் குறுஞ்செய்தியில் வந்த தொகை எது, மீதி எது என்று பிரித்துப் பார்ப்பது, ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது, பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைப்பது. இவை எல்லாமே எண்கள்தான்.

எழுத்துக்கும் போன் உதவும். கூகுளின் ஜிபோர்டு என்ற விசைப்பலகைச் செயலியில் தமிழைக் கையால் எழுதும் வசதி உண்டு. விரலால் 'அ' எழுதினால் அச்செழுத்தாக வந்து நிற்கும். களைக்கொத்து பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குப் பென்சில் அவ்வளவு சீக்கிரம் படியாது. நோட்டில் கோணலாக விழுந்த எழுத்தை உடனே கையால் மறைத்துக்கொள்வார்கள். திரையில் அந்தக் கூச்சம் இல்லை, அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கியும் காட்டலாம். நோட்டும் பென்சிலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

டிஜிட்டல் அறிவும் இத்திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. ஆனால் நிறைவில் நடக்கும் 150 மதிப்பெண் தேர்வோ படிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50 என்று முடிந்துவிடுகிறது. தேர்வுக்கு வராதது வகுப்பிலும் நழுவிவிடும். இன்னொரு தேர்வு வைத்து அவர்களைப் பயமுறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு மாலையைப் போன் பழகுவதற்கென்றே ஒதுக்கினால் போதும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. சைக்கிள் பற்றிய பாடமாக அல்ல, சைக்கிளையே கையில் கொடுத்து! அந்தத் துணிச்சலைத்தான் இன்று செல்போன் விஷயத்தில் எதிர்பார்க்கிறேன்.

பல வீடுகளில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். அதனால் மையத்துக்கு இரண்டு மூன்று கருவிகளாவது வேண்டும். பல அரசுப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது. பள்ளியிலேயே நடக்கும் மையங்களுக்கு மாலையில் அந்த அறையைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் நிர்வாகம். பதிவேட்டில் எழுதிய வருகையையே படமெடுத்துக் குழுவில் போட்டு, மறுபடியும் படிவத்தில் ஏற்றும் முறை எங்கே இருந்தாலும் அதை நிறுத்துங்கள். ஒரு முறை, ஒரே இடத்தில், இணைப்பு இல்லாதபோதும் பதியும்படி இருக்கட்டும். கற்போரின் ஆதார் எண்ணும் புகைப்படமும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றக் கூடாது. "நான் இங்கே படிக்க வருவது சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்று கேட்டுக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுடைய படத்தை எடுக்கும் முன் சம்மதம் கேட்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள்.

அடுத்த அணி சேரும் முன் தன்னார்வலர் பயிற்சியில் ஒரு முழு நாளைக் கற்போருக்குப் போன் பழக்கும் முறைக்கு ஒதுக்க வேண்டுகிறேன். பாடத்திட்டம் வகுக்க ஆள் தேவைப்பட்டால் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் எழுத்தறிவு மையத் தன்னார்வலர்