பானட்டில் கட்டிங் வீல் வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய கார்களுக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷமாக இரண்டு தடவை படித்தேன். ஆனால் அதிலிருந்த ஒரு படம் மனதை உறுத்துகிறது. பானட்டைச் சதுரமாக வெட்டி, அந்த ஓட்டை வழியாக ஏர் கிளீனர் வெளியே எட்டிப் பார்க்கிற ஒரு கார். வேகத்துக்காகச் செய்த மாற்றம் என்று கீழே போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டு நாளைக்கே ஏதாவது ஒரு தம்பி கட்டிங் வீலைக் கையில் எடுத்துவிடக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோவை கணபதியில் இஞ்சின் வேலை செய்கிறவன். சின்ன வயதில் பம்ப்செட் ஃபவுண்டரி ஒன்றில் பேட்டர்ன் வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் கார் பட்டறைக்கு வந்தவன். 1998-ல் நானே அப்படி ஒரு பானட்டை வெட்டினேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவரின் 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங். 289 கன அங்குல வி8 இஞ்சின், அதாவது வி வடிவத்தில் எட்டு சிலிண்டர். நம் கணக்கில் 4.7 லிட்டர். அவருக்குத் தெரிந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து ரேஸ் மேனிஃபோல்டு (கார்புரேட்டருக்கு அடியில் உட்காருகிற குழாய்ப் பாகம்) ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பழைய இரும்பு மேனிஃபோல்டைவிட ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரம். அதன்மேல் 750 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 750 கன அடி காற்று) கார்புரேட்டரையும் ஏர் கிளீனரையும் வைத்துப் பானட்டை இறக்கினேன், மூடவில்லை. வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "உங்களுக்குச் சரின்னு பட்டாச் செய்யுங்க" என்றார். 14 அங்குலத்துக்கு 12 அங்குலம் வெட்டினேன். அடியில் பானட்டுக்குப் பலம் கொடுக்கிற சட்டமும் சேர்ந்து போனது.

வண்டி ஓடியதா என்றால் ஓடியது. ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிற 40 கொண்டை ஊசி வளைவிலும் திணறியது. ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு நொடி மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும். கார்புரேட்டர்தான் கோளாறு என்று நினைத்து ஜெட் மாற்றினேன், பம்ப் மாற்றினேன். கோளாறு நான் மாட்டிய மேனிஃபோல்டில் இருந்தது.

இன்டேக் மேனிஃபோல்டு என்பது கார்புரேட்டரில் கலந்த காற்றையும் பெட்ரோலையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோகிற வாய்க்கால். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். கொஞ்சம் தண்ணீரை அகலமான வாய்க்காலில் விட்டால் அது தேங்கித் தேங்கிப் போகும், மண் அடியில் படிந்துவிடும். குறுகிய வாய்க்காலில் விட்டால் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அகலமான குழாயில் காற்றின் வேகம் குறைகிறது. பெட்ரோல் துளிகள் காற்றோடு போகாமல் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. மலையில் அந்த வண்டி மூச்சுப் பிடித்தது இதனால்தான்.

ரேஸ் மேனிஃபோல்டுகள் பெரும்பாலும் சிங்கிள் பிளேன். கார்புரேட்டருக்கு அடியில் ஒரே தொட்டி, அதிலிருந்து எட்டுக் குழாய்கள் நேராகப் போகும். அதிக சுற்றில் அதற்கு ஈடு கிடையாது. குறைந்த சுற்றில் ஒரு சிலிண்டரின் இழுப்பை இன்னொன்று கெடுக்கும். டூயல் பிளேன் வகையில் உள்ளே மேலும் கீழுமாக இரண்டு தளம். ஒவ்வொரு தளமும் நான்கு சிலிண்டருக்கு. கிராங்க் அரைச் சுற்று சுற்றும்போது ஒரு தளத்துக்கு ஓர் இழுப்புதான் வரும், அதனால் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. உயரம் குறைந்த மேனிஃபோல்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். குழாய்கள் கொஞ்சம் வளைந்து நெளிந்து போகும். அந்த வளைவால் நிமிடத்துக்கு 5,500 சுற்றுக்கு மேல் சில குதிரைத்திறன் குறையும், உண்மைதான். ஆனால் அந்தச் சுற்றுக்கு நாம் எப்போது போகிறோம்?

அந்த மஸ்டாங்கின் பின் ஆக்சில் விகிதம் 2.80, அதாவது டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இஞ்சின் 2.8 சுற்று சுற்றும். டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இஞ்சின் சுற்றுவது 1,850 அளவுக்குத்தான். 100-ல் போனாலும் 2,300. அவிநாசி ரோட்டில் இப்போது 10 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் வந்துவிட்டது. அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போனாலும் 3,000-ஐ யாரும் தொடப்போவதில்லை. மேனிஃபோல்டு செய்கிற எடல்பிராக் கம்பெனி தன் பெர்ஃபார்மர் மேனிஃபோல்டு ஐடிலிலிருந்து (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் சுற்றுகிற வேகத்திலிருந்து) 5,500 சுற்று வரைக்கும் என்றும், அதைவிட உயரமான பெர்ஃபார்மர் ஆர்.பி.எம். 1,500-லிருந்து 6,500 வரைக்கும் என்றும் தானே அச்சிட்டு விற்கிறது. வாங்குகிறவர்கள் குதிரைத்திறனைப் படிக்கிறார்கள், இந்த வரியைப் படிப்பதில்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கென்றே ஒருவர் இஞ்சின் கட்டினால் நானே உயரமானதைப் பரிந்துரைப்பேன். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு மாட்டேன்.

இஞ்சின் உயரத்துக்கும் பானட்டுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பார்க்க அமெரிக்கக் கார்களைத் தேட வேண்டியதில்லை. வால்பாறை எஸ்டேட்டுகளில் ஓடிய மகிந்திரா ஜீப்பே போதும். வில்லிஸ் கம்பெனியின் முதல் ஜீப்புகளில் இரண்டு வால்வும் சிலிண்டர் இருக்கிற பிளாக்கிலேயே இருந்தன, இஞ்சின் குட்டை, பானட்டும் தாழ்வு. பிறகு இன்டேக் வால்வை, பிளாக்குக்கு மேலே மூடிபோல உட்காருகிற ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள், கார்புரேட்டரும் ஹெட் மேலேயே ஏறிக்கொண்டது. இஞ்சின் உயர்ந்ததால் 1953-ல் வந்த சி.ஜே.3பி மாடலில் பானட்டையே உயர்த்திச் செய்தார்கள். மகிந்திரா இங்கே பல வருடம் செய்து விற்றது அந்த உயர்ந்த மூக்குள்ள ஜீப்தான். அம்பாசிடரில் எஸ்.யூ. கார்புரேட்டர் இஞ்சினுக்குப் பக்கவாட்டில் தொங்குகிறது, அதனால் அங்கே உயரப் பிரச்சினையே இல்லை. கம்பெனிக்காரன் இஞ்சினையும் பானட்டையும் சேர்த்தேதான் வரைகிறான். நாம்தான் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை வெட்டுகிறோம்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய பேரன் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். "ஏனுங்ண்ணா, அப்பாரு வண்டியப் பழையபடி ஆக்க முடியுங்களா?" என்று கேட்டான். நான் வெட்டிய ஓட்டையை அவன் கையால் தடவிக்கொண்டே கேட்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முடியும் கண்ணு என்றேன். அந்த வேலையில் மேனிஃபோல்டுக்கு மட்டும் கூலி வாங்கினேன், பானட்டுக்கு வாங்கவில்லை.

இந்த முறை தாழ்வான மேனிஃபோல்டு ஒன்றை வாங்குவதற்கு முன்னால் அளந்தேன். பிளாக்கின் முன்பக்க, பின்பக்க விளிம்பிலிருந்து கார்புரேட்டர் உட்காருகிற தளம் வரைக்கும் இரண்டு உயரம் எடுக்க வேண்டும். இஞ்சின் காரில் பின்பக்கம் சாய்ந்து உட்காருவதால், தளம் மட்டமாக நிற்பதற்காகப் பின் உயரம் அதிகமாக இருக்கும். விற்கிறவர்கள் இரண்டையும் சொல்வார்கள். பெரியதைக் கணக்கில் எடுங்கள். அப்புறம், குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணை உருண்டை பிடித்து ஏர் கிளீனர் மேல் நான்கு இடத்தில் வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறந்தால் நசுங்கிய கனம்தான் இடைவெளி. முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் வி8 இஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். மவுண்ட் ரப்பர் பழசாக இருந்தால் இன்னும் அதிகமாகத் தூக்கும். நிற்கும்போது தொடாத பானட் ஓடும்போது தொடும்.

ஏர் கிளீனரில் மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உயரமான மேனிஃபோல்டைப் போட்டுவிட்டு ஒட்டடைபோல மெலிந்த ஃபில்டரை வைப்பார்கள். கார்புரேட்டரின் வாய்க்கு நேர்மேலே மூடி வந்து உட்கார்ந்துகொண்டால் காற்று எப்படிப் போகும்? மேனிஃபோல்டில் சம்பாதித்தது ஃபில்டரில் போய்விடும். மேனிஃபோல்டு தாழ்வாக இருந்தால் நல்ல கனமான ஃபில்டர் வைக்க இடம் கிடைக்கிறது. கரூர், ஈரோடு பக்கத்துக் கோடைப் புழுதியில் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

கார்புரேட்டர் அளவும் கணக்குத்தான். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுதாக மூச்சு இழுக்கும். 289 கன அங்குலம், 5,500 சுற்று, அதில் பாதி, ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம் என்று வகுத்தால் நிமிடத்துக்கு 460 கன அடி வரும். நிஜத்தில் சிலிண்டர் முழுதாக நிரம்பாது. 85 சதவீதம் என்று வைத்தால் 390. அந்த இஞ்சினுக்கு அன்றைக்கு நான் 750 வைத்தேன். இப்போது 500 வைத்திருக்கிறேன், அதுவே தாராளம்.

தாழ்வான மேனிஃபோல்டில் ஒரு சங்கடமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அடியில் சூடான ஆயில், மேலே கார்புரேட்டர், நடுவில் காற்றோட்டம் குறைவு. போதாததற்கு அந்தக் காலத்து இஞ்சின்களில் குளிர் நாட்டுக்காக எக்ஸாஸ்ட் சூட்டையும் மேனிஃபோல்டுக்குள் ஒரு வழியாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து ஸ்டார்ட் ஆகாது. நான் அந்தச் சூட்டு வழியை கேஸ்கெட்டில் ஸ்டீல் தகடு வைத்து அடைத்துவிட்டேன். ஊட்டிக் குளிரில் காலையில் சோக் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கிற அரை அங்குல பேக்லைட் தட்டு ஒன்றும் வைத்தேன். அந்த அரை அங்குலத்தையும் களிமண் கணக்கில் முதலிலேயே சேர்த்திருந்தேன். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றியாகிவிட்டது.

மாட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. நம் ஊரில் ஹெட்டை ஃபேசிங் செய்வதற்கு, அதாவது அதன் அடி முகத்தைச் சீவி மட்டமாக்குவதற்கு, யாரும் தயங்குவதில்லை. வி8-ல் இரண்டு ஹெட்டையும் ஃபேசிங் செய்தால் ஹெட்டுகள் கீழே இறங்கி, மேனிஃபோல்டு மேலே தூக்கி நின்று போல்ட் ஓட்டைகளும் போர்ட்டுகளும் ஒன்றுக்கொன்று சேராது. போல்ட்டை நெம்பி முறுக்கினால் வேக்குவம் லீக் ஆகும், அதாவது இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். மேனிஃபோல்டின் முகத்தையும் அதே கணக்கில் சீவ வேண்டும். கோவையில் அதைச் செய்ய நல்ல பட்டறைகள் இருக்கின்றன.

இப்போது அந்த வண்டி ஐடிலில் 18 அங்குல (பாதரசக் கணக்கில்) வேக்குவத்தில் ஆடாமல் நிற்கிறது. அலுமினிய மேனிஃபோல்டு பழைய இரும்பின் எடையில் பாதிகூட இல்லை. பேரன் வால்பாறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டு, எந்த வளைவிலும் நிற்கவில்லை என்று மேலிருந்தே போன் செய்தான்.

பானட் கதை வேறு. டிங்கர் வேலை தெரிந்த ஒரு நண்பர் 11 நாள் தகட்டைத் தட்டித் தட்டி அந்த ஓட்டையை அடைத்தார். பெயின்ட் அடித்த பிறகு வெளியில் தெரியாது. அடிப்பக்கம் கை வைத்தால் வெல்டிங் தட்டுப்படும். 1998-ல் நான் அரை மணி நேரத்தில் செய்த வேலை அது.

இன்னொரு விஷயத்தையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, 50 வருடத்தைத் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேஸிஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெட்டின பானட்டோடு போய் நின்றால் என்ன பதில் சொல்வது? மேனிஃபோல்டை ஒரு நாளில் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம். அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை வைத்திருக்கிற கார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், அங்குள்ள கார்களின் பானட்டுகளையும் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை பழைய கார் பக்கம் போடும்போது, வெட்டாத பானட்டைத் திறந்து உள்ளே இருக்கிற இஞ்சினைக் காட்டுகிற ஒரு படமும் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மஸ்டாங்கின் அசல் இரும்பு மேனிஃபோல்டு தோட்டத்துச் சாளையில் தேங்காய் மட்டைக்கு அடியில் கிடந்தது. கழுவி, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, அந்தக் காரின் டிக்கியிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கார் மெக்கானிக்,
கணபதி, கோயம்புத்தூர்.