அந்த பாபநாசம் ஐயாவுக்கு நன்றி

2009ல யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்து கும்பகோணத்துல ஒரு டிவி ஃப்ரிட்ஜ் கடையில சேல்ஸுக்கு நின்னேன், நான் பேசுறேங்கறத எங்கூர் வழக்குல "கதைக்கிறன்"னு சொன்னா "என்ன கதை சொல்லப்போற"ம்பாங்க, பத்து நாளா ஒண்ணுமே விக்கல. பாபநாசம் பக்கத்துலேர்ந்து ஃப்ரிட்ஜ் வாங்க வந்த நீங்கதான் என்னை பக்கத்துல உக்கார வச்சு, தம்பி மொதல்ல வீட்ல வோல்டேஜ் எவ்ளோ வருதுன்னு கேளு, குறுவை நெல்லுக்கு பம்பு செட்டெல்லாம் ஓடுறப்ப 230 இருக்க வேண்டியது 170க்கு எறங்கிடும், ஸ்டெபிலைசர் இல்லாம குடுத்தா கம்ப்ரசர் போயிடும்னு பழைய பில்லு பின்னாடி எழுதியே காட்டுனீங்க. அந்த தாள் இன்னும் பர்ஸ்ல இருக்கு, மடிப்புல கிழிஞ்சு போச்சு. 2018 கஜா புயலுக்கப்புறம் மன்னார்குடி பக்கம்லேர்ந்து இன்வெர்ட்டர் வாங்க வந்தவங்ககிட்டகூட அப்படித்தான் கேட்டு கேட்டு குடுத்தேன். பேரு கேக்காம விட்டுட்டேன் ஐயா. ரொம்ப ரொம்ப நன்றி, எங்க இருந்தாலும் நல்லா இருங்க.