இறங்கியது சரி, மறுபடி கிளம்புவது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறுபயன்பாட்டு ராக்கெட்டுகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ராக்கெட்டை மேலே தள்ளிவிடும் அடிப்பாகமான பூஸ்டர் நெருப்பைக் கக்கிக்கொண்டு வந்து இறங்கும் காட்சி கண்முன் நின்றது. ஆனால் கட்டுரை அத்தோடு முடிந்துவிட்டதுதான் வருத்தம். இறங்கியது மறுபடி எத்தனை நாளில் கிளம்பும் என்பதல்லவா கேள்வியே?

அமெரிக்காவின் விண்வெளி ஓடமும்தான் (ஸ்பேஸ் ஷட்டில்) பத்திரமாகத் திரும்பி வந்தது. இரண்டே வாரத்தில் அடுத்த பயணத்துக்குத் தயாராகிவிடும் என்று சொல்லித்தான் அதைத் திட்டமிட்டார்கள். ஆனால் ஒரே ஓடம் இரு முறை ஏவப்பட்டதில் மிகக் குறைந்த இடைவெளி 54 நாள். 1985இல் அட்லாண்டிஸ் என்ற ஓடம் செய்தது. காலத்தைத் தின்றவற்றில் முக்கியமானவை வெப்பக்காப்பு ஓடுகள். 20,000க்கும் மேல்! பெரும்பாலும் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்று பழுதானால், அந்த இடத்தின் வளைவுக்கென்றே புதிதாகச் செதுக்கி, ஒட்டி, பசை காயும்வரை காத்திருந்து, பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் பூஸ்டர் ஒன்று 2025 மார்ச்சில் 9 நாள் இடைவெளியில் மறுபடி பறந்தது. பூஸ்டர் சுற்றுப்பாதை வேகத்தை எட்டுவதில்லை, அதனால் அத்தனை சூட்டையும் தாங்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் சின்னச் சின்ன மாற்றங்களுக்கும் இதில் பங்குண்டு. முன்பெல்லாம் இறங்கிய பூஸ்டரின் கால்களைக் கழற்றி எடுப்பார்கள். பிறகு அப்படியே மேலே மடக்கிவிடப் பழகினார்கள். திசை தவறினால் ராக்கெட்டை அழிக்கும் முடிவை, தரையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குப் பதிலாக, 2017 முதல் அதன் உள்ளேயே இருக்கும் கணினி எடுக்கிறது. ஏவுதளம் அடுத்த ஏவுதலுக்குச் சீக்கிரம் தயாராக இதுவும் ஒரு காரணம். மண்ணெண்ணெய் எஞ்சினில் கரி படியும், மீத்தேனில் அந்தத் தொல்லை குறைவு. புதிய ராக்கெட்டுகள் பல மீத்தேனுக்கு மாறுவது இதற்காகவும்தான்.

ஓடுகளின் சிக்கல் மட்டும் இன்னும் தீரவில்லை. ஸ்பேஸ்எக்ஸின் புதிய விண்கலமான ஸ்டார்ஷிப்பில் பெரும்பாலான ஓடுகளை ஒரே மாதிரி அறுகோணமாகச் செய்கிறார்கள். அப்படியும் பறக்கும்போது சில உதிர்ந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால், எஞ்சினைவிடக் கடினமான வேலை இதுதான்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பூஸ்டர் தரையிறங்கிய செய்தி வெளியிடும்போது, அதே பூஸ்டர் இதற்கு முன் பறந்த தேதியையும் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்