விழாக் கமிட்டியாருக்கு: கானமேளாவுக்கு (மேடைப் பாட்டுக் கச்சேரிக்கு) முன்னால் ஒரு பத்து நிமிஷம்

கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன வருஷத் திருவிழாவில் நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் தனியாகக் கீபோர்டு வாசிக்க இடம் கேட்டான். "பாடுறவன் இல்லாம வெறும் மெஷினை எவன் கேப்பான்?" என்று அனுப்பிவிட்டீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தல்தான் இந்த மடல்.

1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர், இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர், 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஓர் இசைத்தட்டு பதிவு செய்தார். பாடகர் கிடையாது. ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303, மூன்றும் ரோலண்ட் கருவிகள்; அவ்வளவுதான் கச்சேரி. இந்த 303, பேஸ் கிடார்க்காரர் இல்லாத குறைக்கு வந்த சின்னப் பெட்டி. விலை போகாமல் 1984இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் 'ஸ்லைடு' உண்டு: சுரம் வெட்டாமல் அடுத்த சுரத்துக்கு வழுக்கும். நம் வித்வான்கள் சொல்லும் ஜாருவுக்குத் தூரத்துச் சொந்தம்.

தட்டில் உள்ள இந்துஸ்தானி ராகங்களும் அந்நியமில்லை. பூபாலி நம்ம மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், பைராகி ரேவதி, யமனோ கல்யாணிக்குப் பக்கத்து வீடு. விடியற்கால லலித்தையும் அதே டிஸ்கோ ஓட்டத்தில் விரட்டுவதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இருந்தாலும் மோகனம் அந்த இடியின் மேல் ஏறி வரும்போது கால் சும்மா இருக்காது.

தட்டு அப்போது விற்கவில்லை. 1987இல் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு அதே 303ஐத் திருகி 'ஆசிட் ட்ராக்ஸ்' கொண்டுவந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற அந்த நடன இசைக்கு ஊருலகம் ஆடியது. 2010இல் சிங்கின் தட்டு மறுபதிப்பான பிறகுதான், அந்தச் சத்தம் பம்பாயில் ஐந்து வருஷம் முந்தியே கேட்டது பலருக்குத் தெரிந்தது. எழுபது தாண்டியவரை ஐரோப்பா கூப்பிட்டு வாசிக்க வைத்தது. 2015இல் காலமானார்.

கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசிக்கொண்டு செண்டைக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாம். கோயில் செண்டைக் கச்சேரியான பஞ்சாரி மேளம் ஐந்தாம் காலத்துக்கு, அதன் உச்ச வேகத்துக்கு, ஏறும்போது அங்கே பாடுகிறவன் யார்? கையை வீசிக்கொண்டு நிற்கத்தானே செய்கிறோம்!

இந்தத் தடவை கானமேளாக்காரர்கள் வயர் மாட்டி முடிப்பதற்குள் அவனுக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள். மோகனத்தில் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். சவுண்டு செட்டுக்கு வாடகை கூடினால் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
போன வருஷம் வாயடைத்து நின்ற வரிதாரர்