நந்தவனப் பாதையை மீட்டுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பகுதியில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் பின்புறமிருந்து நந்தவனம் வழியாக ஏறிச் செல்லும் பாதையைத் தை மாதம் தொடங்கி ஞாயிறுதோறும் உழைத்துச் சீராக்கித் தந்த பெரியோர்களுக்கும் அக்காமாருக்கும் தம்பிமாருக்கும் என் பணிவான வணக்கம். நேரில் நன்றி சொன்னால் "நம்ம கோயிலுக்குச் செஞ்சதுக்கு நன்றியா" என்று தடுத்துவிடுகிறீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

என் தாயார் வெள்ளிக்கிழமைகளில் கொழுந்து நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பியதும், செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்துக்கொண்டு அந்தப் பாதையில் ஏறுவார். இறங்கி வரும்போது, வழியில் முளைத்திருந்த புல்லில் ஒரு பிடி அவர் கையில் இருக்கும். அவர் மறைந்த பிறகு நான் கோயிலுக்குப் போவது நின்றது. வெறுத்து நிறுத்தியதன்று, ஒரு வெள்ளி மழை, அடுத்த வெள்ளி வேலை, அதற்கடுத்த வெள்ளிக்குக் காரணம்கூடத் தேவைப்படவில்லை. மூன்று ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

பாதையும் அவ்வாறுதான் அழிந்தது. மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் ஓரத்துக் கான், அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால், சருகால் அடைபட்டது. கானில் இடமில்லாத நீர் பாதையையே தன் வழியாக்கிக்கொள்ள, மண் கரைந்து, கல் பெயர்ந்து, மீதியை மானாப்புல் மூடிக்கொண்டது.

வேலையின் முதல் நாள், குழி விழுந்த இடத்தில் மண் கொட்ட நான் மண்வெட்டியை எடுத்தபோது, தோட்ட வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற கங்காணி ஐயா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, மண்ணை அப்புறம் போடலாம், முதல்ல கானைப் பாருங்க" என்றார். நீர் பாய்ந்தோடாதபடி கானைச் சரிவுக்குக் குறுக்கே இலேசான இறக்கத்தில் வெட்ட வேண்டும் என்றும், இடையிடையே குழி விட்டால் நீர் அங்கே தயங்கி, சுமந்து வந்த மண்ணை இறக்கிவிட்டுப் போகும் என்றும், அந்த வண்டலை அவ்வப்போது அள்ளி மேலே போடாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். தேயிலை மலைகளில் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலைதான் அது. எனக்கோ என் வாழ்க்கையையே எடுத்துச் சொன்னதுபோல் இருந்தது. திருவிழாவில் கண்ணீர் விட்டதும், பருவ காலத்தில் ஒருமுறை சிவனொளிபாதமலை ஏறி வந்ததும், நேர்த்திக்கடன் வைத்ததும் குழியில் கொட்டிய மண்ணாகவே இருந்தன. நாள்தோறும் விளக்கேற்றி ஐந்து நிமிடம் அமரும் அந்தச் சிறிய கானை நான் தூர்ந்துபோக விட்டிருந்தேன்.

அன்று மாலை பூசாரி ஐயா, ஏழாம் நூற்றாண்டில் உழவாரப் படையைக் கையில் ஏந்தி ஊர் ஊராகச் சென்று, கோயில்களின் புல்லைச் செதுக்கிய திருநாவுக்கரசரை நினைவூட்டினார். சைவம் சொல்லும் நான்கு நெறிகளில் முதலாவதான, உடலால் தொண்டு செய்யும் சரியையைக் கல்லாதவர்க்கு உரிய எளிய தொண்டு என்று நான் எண்ணியிருந்தேன். முழங்கால் சேற்றில் நின்றபோது அந்த எண்ணம் என்னை விட்டுப் போனது.

வாரம் முழுதும் மலையில் கூடை சுமந்த முதுகோடு, ஓய்வு நாளிலும் ஆற்றுக் கற்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலேற்றிய அக்காமாருக்கு எந்தச் சொல்லில் நன்றி சொல்வேன்! தலைமன்னார்க் கரையிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோர்களை அந்த வரிசையில் நான் கண்டேன். இரு கரையிலும் துளசி நட்ட பிள்ளைகளுக்கும், கொழும்பில் வேலை செய்தபடி சீமெந்துக்குப் பணம் அனுப்பிய தம்பிமாருக்கும், என்னிடம் எதுவும் கேட்காமல் ஒரு மண்வெட்டியைக் கையில் தந்து வேலைக்குச் சேர்த்துக்கொண்ட கோயில் குழுவினருக்கும் நான் என்றும் கடமைப்பட்டவன்.

மழைக்கு முன் கானில் படிந்த வண்டலை அள்ள வேண்டும் என்று கங்காணி ஐயா சொல்லியிருக்கிறார். மே மாத முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயிலடியில் இருப்பேன். நேற்று இறங்கி வரும்போது மூன்றாவது குழியருகே புல் தலைகாட்டியிருந்தது. ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்