ஜூடி லெட்டரை கைடு வச்சு படிச்சா எப்படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தார், நூறு வருசத்துக்கு முந்துன அமெரிக்கா கதை, அதுவும் காதல் கதை, நம்ம பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு பாடமா வைக்கணும்னு. அவர் சொல்லுத புத்தகம் ஜீன் வெப்ஸ்டர் 1912ல எழுதுன 'டாடி லாங் லெக்ஸ்'. நான் பாளையங்கோட்டையில சாயங்காலம் காலேஜ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கேன், அதனால இதுக்கு பதில் சொல்லாம இருக்க முடியல. அதே நேரத்துல அவரை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது, பிள்ளைகள் கையில இருக்குத கைடும் அதை காதல் கதையாத்தான் சொல்லுது. மொதப் பக்கத்துலயே அந்த டாடி, அதான் கதையில பேர் சொல்லாம பிள்ளையைப் படிக்க வைக்கவர், யாருன்னு வேற போட்டு உடைச்சிட்டான் பாவி.

நான் அதை இங்க சொல்லமாட்டேன். கதை இவ்வளவுதான், அனாதை இல்லத்துல வளந்த ஒரு பிள்ளை, பேரு ஜெருஷா அபட், அதுவும் இல்லத்து மேட்ரன் அம்மா டெலிபோன் புக்குலயும் கல்லறைக் கல்லுலயும் பாத்து வச்ச பேரு, அது பிடிக்காம அவளே ஜூடின்னு மாத்திக்கிடுதா. அவ எழுதுன கட்டுரையைப் பாத்துட்டு இல்லத்து டிரஸ்டி ஒருத்தர் காலேஜ் செலவு பூரா ஏத்துக்கிடுதார், கைச்செலவுக்கு மாசம் 35 டாலர் வேற. பதிலுக்கு மாசம் ஒரு லெட்டர் எழுதணும், அவர் பதில் போட மாட்டார், பேரும் தெரியாது, அதனால இவளா அவருக்கு டாடி லாங் லெக்ஸ்னு பேர் வச்சுக்கிடுதா. மொத அத்தியாயம் போக மீதி புத்தகம் முழுக்க அவ எழுதுன லெட்டர்தான், நடுநடுவுல கோணல் மாணலா படம் வேற, அதையும் எழுத்தாளரே வரைஞ்சது.

இதுல காதல் எங்க இருக்கு? கடைசியில கொஞ்சம் இருக்கு. மத்ததெல்லாம் ஒண்ணும் தெரியாம காலேஜுக்குள்ள போய் நிக்குத பிள்ளையோட கூச்சம். மைக்கேல் ஆஞ்சலோன்னதும் ஏதோ தேவதூதர்னு நினைச்சு சொல்லி கிளாஸே சிரிக்குது. கூட இருக்குத பிள்ளைகள் சின்ன வயசுலயே படிச்ச கதையெல்லாம் இவ ராத்திரி ரூம்ல ஒளிஞ்சு உக்காந்து படிக்கா. கணக்குலயும் லத்தீன்லயும் ஃபெயில். இந்த இடம் வரும்போது என் டியூஷன்ல பிள்ளைகள் முகத்தைப் பாக்கணும், ஜூடிக்கும் அரியரா டீச்சர்னு ஒரே சந்தோசம். ஸ்கூல் நாள்ல தானமா வந்த பழைய கவுனைப் போட்டுட்டுப் போவா, அந்த கவுனுக்கு முதல் சொந்தக்காரி பக்கத்து சீட்டுலயே இருந்து சிரிப்பா. முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கமிருந்து பஸ்ல வார பிள்ளைகள்ல எத்தனையோ பேருக்கு அம்மா பீடி சுத்திதான் ஃபீஸ் கட்டுதா, வீட்டுல மொத மொத காலேஜ் வாசல் மிதிச்சதே இவதான். அவளுக்கு இந்தக் கதைய நோட்ஸ் போட்டு விளக்கணுமா என்ன?

இன்னொண்ணு. எல்லாரும் ஜூடியை நன்றியுள்ள பிள்ளைன்னு எழுதுதாவ, பரீட்சைக்கும் அதுதான் கேரக்டர் ஸ்கெட்ச். ஆனா தொப்பிக்குன்னு அந்த டிரஸ்டி அனுப்புன 50 டாலர் செக்கை திருப்பி அனுப்புனவ அவ. ஸ்காலர்ஷிப் கிடைச்சப்போ அவர் வேண்டாம்னு சொல்லியும் விடல. ஃப்ரெண்டு வீட்டுக்காரங்க கேம்ப்புக்கு கூப்பிட்டப்போ போகக்கூடாதுன்னு செக்ரட்டரி மூலமா ஆர்டர் போடுதார், காரணம் சொல்லல (காரணம் என்னன்னு கடைசியில தெரியும், தெரிஞ்சா கோவம்தான் வரும்). அந்தத் தடவை கீழ்ப்படியுதா, அடுத்த லீவுக்கு ஐரோப்பா போன்னு சொன்னப்போ மாட்டேன்னு சொல்லிட்டு டியூஷன் எடுக்கப் போயிருதா, எனக்கு அவளை ரொம்ப பிடிச்ச இடம் அது. பொம்பளைக்கு ஓட்டு இல்லாத காலம் அது, அமெரிக்கா முழுக்க வந்தது 1920லதான், எழுத்தாளர் 1916லயே பிரசவத்துக்கு மறுநாள் செத்துப் போயிட்டாங்க. 21 வயசு ஆயிட்டு, என்னை மாதிரி ஒரு குடிமகளை ஓட்டு குடுக்காம இந்த நாடு வீணாக்குதேன்னு ஜூடி கேக்கா. இந்த வரியெல்லாம் கைடுல இல்லவே இல்லை.

ஒருத்தர் காசு குடுத்தா அவருக்கு நம்ம மேல எவ்வளவு உரிமை, இதைத்தான் கிளாஸ்ல பேசணும். அந்த டிரஸ்டி ஜூடியோட அந்தரங்க லெட்டரையெல்லாம் படிச்சுக்கிட்டு தன்னை மட்டும் மறைச்சு வச்சது சரியான்னும் கேக்கணும், எனக்கு சரியாப் படல. நம்ம ஊருல உதவி பண்ணுதவங்க பேரை மறைக்க மாட்டாவ, அது வேற விசயம், ஃப்ளெக்ஸ் வச்சு பிள்ளையை மேடையில ஏத்தி செக்கைப் பிடிக்க வச்சு போட்டோ எடுப்பாவ. அந்தப் பிள்ளை மறுநாள் காலேஜுக்கு எந்த முகத்தோட போவான்னு யாரும் யோசிக்கதில்ல. அரசாங்கம் புதுமைப் பெண் திட்டத்துல 2022லேருந்து மாசம் 1000 ரூபா நேரா பேங்க்ல போடுது, அது எவ்வளவோ மேல், கைகட்டி நிக்க வேண்டாம்.

அதனால நாவலை எடுக்காதீங்க, கேள்வித்தாளை மாத்துங்க. ஜூடி குணத்தை விவரிக்கன்னு கேக்காம, உன் ஹாஸ்டலையோ பஸ்ஸையோ பத்தி முகம் தெரியாத ஒருத்தருக்கு லெட்டர் எழுதுன்னு பத்து மார்க்குக்கு கேளுங்க, தப்புத் தப்பா இங்கிலீஷ்ல எழுதுனாலும் சொந்தமா எழுதுவா. கம்பன் பாட்டை ரசிச்சு ரசிச்சு எழுதுன ரசிகமணி டி.கே.சி. லெட்டரைப் பேரன் பேத்தி காலம் வரைக்கும் பத்திரமா வச்சு படிக்குத ஊரு இது, இங்க பிள்ளைகளுக்கு லெட்டர் எழுத வராதுன்னு சொல்லாதீங்க. உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள், ஞாயித்துக்கிழமை இணைப்புல கால் பக்கம் ஒதுக்குங்க, பேர் போடாம அந்த லெட்டர்ல நல்லதா ஒண்ணு வாரா வாரம் போடலாம், தமிழ்ல எழுதுனாலும் சரி. அனுப்பி வைக்க வேண்டியது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
பாளையங்கோட்டை